நிலாரின் நாற்காலி

“உள்ளே போனதும் எனக்காக ஒரு வார்த்தை கேப்பியா, புள்ள?”

“கேக்காம? போற அன்னைக்கே கேக்குறேன் மச்சான்.”

“அன்னைக்கே வேணாம். அலைஞ்சுக்கிட்டு வந்தவ மாதிரி இருக்கும். ஒரு ரெண்டு நாள் போகட்டும்.”

“சரி. ரெண்டு நாள் போகட்டும்.”

வகுப்பு நடக்கும் ஹோட்டலின் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் இன்ஷாவுக்கு இந்தப் பேச்சு நினைவுக்கு வரும். பேசியபோது மாம்பழக் காலம். யாங்கோனின் லான்மடா பகுதியில் அவர்கள் குடியிருந்த ஐந்தாம் மாடி பால்கனியில், மின்சாரம் இல்லாத ஒரு சாயங்காலம், அவளும் அவள் கணவன் ஜுல்ஃபிகரும் ஒரே மாம்பழத்தை மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மழையே முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாள் மட்டும் இன்னும் போகவில்லை.

அவள் சேர்ந்திருந்தது பன்முகத் தூதர் உதவித்தொகைத் திட்டத்தில். கடல் கடந்த ஓர் அறக்கட்டளை யாங்கோனில் அதை நடத்தியது. பல இன, பல மத, பல மொழிப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு படிக்கவைத்து, எதிர்காலத் தூதர்களாக ஆக்குவது நோக்கம். எந்த நாட்டின் தூதர்களாக என்பதைக் கையேடு சொல்லவில்லை. உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்று மட்டும் போட்டிருந்தது.

ஜுல்ஃபிகருக்குத் தூதராகும் ஆசை இருந்தது என்று சொல்ல முடியாது. மாணவனாகும் ஆசைதான் இருந்தது. அவன் வயது ஆண்களை வார்டு அலுவலகத்தில் குலுக்கல் போட்டுப் படைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். படிப்பில் இருப்பவனுக்குத் தள்ளிவைப்பு உண்டு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் சரித்திரத்தில் பட்டம் வாங்கி, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மாமா அப்துல் பாரியின் பிளாஸ்டிக் சாமான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். முன்பெல்லாம் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வாளி விற்பான். குலுக்கல் தொடங்கிய பிறகு உள்ளே, அடுக்கிய வாளிகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தான். வாங்க வந்தவர்கள் வாளியிடம் விலை கேட்டார்கள். வாளி பதில் சொன்னது.

ஆகவே புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். அங்கேதான் ஒரு சிறு பிசகு நடந்தது.

யாங்கோன் முஸ்லிம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் வைப்பது வழக்கம். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர் ஒன்று. பிறந்தபோது காதில் ஓதிய பெயர் இன்ஷா. பள்ளிக்கூடத்தில் அவள் மா நிலார் வின். இன்ஷா முதலில் பள்ளிப் பெயரில் விண்ணப்பத்தைக் கணினியில் அனுப்பினாள். அனுப்பும் பொத்தானை அழுத்திய நொடியில் மின்சாரம் போனது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

“மறுபடி அனுப்பிடு புள்ள,” என்றான் ஜுல்ஃபிகர். “இந்தத் தடவ வீட்டுப் பேருல அனுப்பு. இவங்களுக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும்.”

அவன் சொன்னது சரி. ஆனால் முதல் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருந்தது. தொலைபேசியில் நேர்காணல் இரண்டு முறை நடந்தபோது, முதல் முறை சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்ஷா நினைத்துக்கொண்டாள். கடைசியில் வாழ்த்துச் செய்தியும் இரண்டு வந்தது. ஒன்று நிலாருக்கு, ஒன்று இன்ஷாவுக்கு. ஜுல்ஃபிகருக்கு வந்த செய்தியில், இடங்கள் எல்லாம் நிறைந்துவிட்டதாகவும், அதற்காக அறக்கட்டளை நெகிழ்ச்சியுடன் வருந்துவதாகவும் இருந்தது.

முதல் நாள் வகுப்பறையில் குதிரை லாட வடிவத்தில் மேசைகள். பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெயர்ப் பலகை. ஜன்னலோரம் இன்ஷா என்று ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே மா நிலார் வின் என்று ஒன்று. இரண்டிலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பேனா, அறக்கட்டளையின் சின்னம் போட்ட ஒரு துணிப்பை.

இன்ஷா பன்முக ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனாள். உதயசூரியன் என்று பெயர். ரயில்வேயில் வேலை பார்த்த பரம்பரையில் வந்த யாங்கோன் தமிழர். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் சிரித்த முகம்.

“சார், ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. அந்த நிலாரும் நான்தான்.”

உதயசூரியன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

“எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும் சார்.”

“உட்காரும்மா.” அவர் குரல் தாழ்ந்தது. “பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சமூகம்னு அறக்கட்டளைக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். அதுல நிலார் பர்மியப் பெரும்பான்மை, நீ தமிழ் முஸ்லிம். கையேடு அச்சாகி வந்தாச்சு. நீ ஒருத்தின்னு ஆயிட்டா நாங்க பதினொண்ணு ஆயிருவோம். பதினொண்ணுங்கறது பன்முகம் இல்லம்மா. அது ஒரு கிரிக்கெட் அணி.”

“அப்ப திருத்த வழியே இல்லையா சார்?”

“ஏன் இல்ல? உங்களை ஒருத்தராக்க மேலிடத்துக்கு எழுதலாம். ஆனா அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தா மோசடின்னு எடுத்துக்குவாங்க.” அவர் யோசித்தார். “அதோட, ஒருத்தியைத் தூக்கச் சொன்னா எந்த ஒருத்தியைத் தூக்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டு பேரையும் தூக்கினாலும் தூக்கலாம்.”

இன்ஷா எழப் போனாள். இருந்தாலும் மாம்பழம் கடித்த சாயங்காலம் நினைவில் இருந்தது. “காத்துக்கிட்டு இருக்கறவங்க யாராவது…” என்று தொடங்கினாள்.

“இருக்கார். காத்திருக்கறவங்கள்ல முதல் ஆள். ஜுல்ஃபிகர்னு ஒருத்தர். ஒரு எடம் காலியானா நேரா அவருக்குத்தான். நல்லாப் பேசினார். ஆனா பாரு, அவரும் தமிழ் முஸ்லிம், நீயும் தமிழ் முஸ்லிம். ஒரே சமூகத்துல ரெண்டு பேரை வெச்சுக்கிட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க?”

இரண்டு பேராக உட்கார்ந்திருந்த இன்ஷா எழுந்து வெளியே வந்தாள். கேட்க வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைக் கேட்டால் தன் இடம் போகலாம். கேட்காவிட்டால் அவன் இடம் நிச்சயம் போகும். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு லேசாகிவிட்டது. அப்படி லேசானதுதான் பின்னால் அவளுக்குக் கனத்தது.

வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பொட்டலம் மதிய உணவு இருந்தது. தன் பொட்டலத்தை அவள் வகுப்பிலேயே சாப்பிட்டாகிவிட்டது. இது நிலாருடையது. யாங்கோனின் பழைய மாடி வீடுகளில் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும். நுனியில் இடுக்கி, மேலே ஒரு மணி. கீழே இருப்பவர்கள் பத்திரிகையோ தேநீர்ப் பையோ மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். கடை மூடும் வரை ஜுல்ஃபிகர் மேலே வரமாட்டான் என்பதால் இன்ஷா பொட்டலத்தைக் கயிற்றில் இறக்கினாள். அவன் கதை முழுவதையும் இரவில் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அப்ப எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லு. ஒருத்தி வாயாடி. இன்னொருத்தி சோறு மட்டும் அனுப்புவா, பேசமாட்டா. எனக்கு அவதான் தோதுப்படுவா.”

“போங்க மச்சான்.”

“அது சரி, அந்த ரெண்டாவது எடம் காலிதானே? அதுல என்னைப் போட மாட்டாங்களா?”

இன்ஷா தட்டைக் கழுவப் போனாள். “அது எடமே இல்ல மச்சான். வெறும் பலகை. கணக்குக்கு வெச்சிருக்காங்க.” குழாய்ச் சத்தத்தில் அவள் குரல் சாதாரணமாகத்தான் கேட்டது. காத்திருப்பவர்களில் அவன்தான் முதல் ஆள் என்பதை அவள் சொல்லவில்லை.

“பரவாயில்ல. நீ தோது பாத்துக் கேளு,” என்றான் அவன்.

தோது பார்ப்பது எப்படி என்பதைத் திட்டத்தின் இயக்குநர் ஊ தௌங் ஹானே வந்து கற்றுக்கொடுத்தார். ஓய்வு பெற்ற தூதர். இடுப்பில் மடிப்புக் கலையாத பட்டு லொஞ்சி, மேலே வெள்ளைச் சட்டை. எல்லோரும் அவரை ஆசிரியர்களுக்கு உரிய முறையில் சயா என்று அழைத்தார்கள். அவர் யாரையும் பார்த்துப் பேசமாட்டார். எதிர்ச் சுவரில் ஓர் இடம் வைத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

“கேட்பது தூதருக்கு அழகல்ல,” என்று தொடங்கினார். “சாமானியன் கேட்கிறான். தூதர் ஆர்வம் தெரிவிக்கிறார். ஆர்வத்துக்கு மேல் கவனம். கவனத்துக்கு மேல் கவலை. கவலைக்கு மேல் ஆழ்ந்த கவலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை; அதற்கு மேல் போனால் காரியம் நடந்துவிடும் அபாயம் இருக்கிறது. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒரு சிறிய நாட்டில் தூதராக இருந்தபோது எங்கள் தூதரகக் கூரை ஒழுகியது. கூரையைச் சரிசெய்யுங்கள் என்று தலைநகருக்கு நான் எழுதினேனா? இல்லை. மழையை உற்றுக் கவனித்து வருகிறோம் என்று எழுதினேன். பதில் வந்தது: அவர்களும் மழையைக் கவனித்து வருவதாக. ஒன்பது ஆண்டுகள் இரு தரப்பும் ஒரு கசப்பும் இல்லாமல் மழையைக் கவனித்தோம்.”

“கூரை என்ன ஆச்சு, சயா?” என்று கேட்டாள் நோ எஸ்தர். இன்ஷாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த கரேன் பெண்.

சயா தன் சுவரைப் பார்த்தார். “நான் ஓய்வு பெற்றேன்,” என்றார்.

எஸ்தரின் பாடு வேறு. அவள் யாங்கோனுக்குள்ளேயே இன்செயினில், சந்தைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். மலை என்பதை நாட்காட்டியில்தான் பார்த்திருக்கிறாள். திட்டத்தில் அவள் மலைவாழ் சமூகத்தின் பிரதிநிதி. ஒவ்வொரு கலந்துரையாடலிலும் உதயசூரியன் அவளிடம் குனிந்து, “கொஞ்சம் மலை கொண்டு வாம்மா,” என்பார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு மூடுபனியைப் பற்றி ஏதாவது சொல்வாள். அறக்கட்டளைக்காரர்கள் குறித்துக்கொள்வார்கள்.

“நீயாவது சும்மா ரெண்டு பேரு,” என்று இன்ஷாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “நான் ஒரு மலைத் தொடரே இல்ல?”

சமூக உணவு நாள் வந்தபோது இன்ஷா வீட்டில் வழக்கமாகச் செய்வதையே செய்து கொண்டுபோனாள். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் மிதக்கும் மொஹிங்கா. உதயசூரியன் மூடியைத் திறந்து பார்த்து முகம் சுருங்கினார்.

“இது நிலாரோட சாப்பாடும்மா. நீ எதுக்கு அவளோடதைத் தொடுறே? உன்னோடது எங்கே?”

“எங்க வீட்டுல காலையில இதுதான் சார் சாப்பிடுவோம்.”

“சாப்பிடுறதைக் கேக்கல. உன் சமூகத்தோட சாப்பாட்டைக் கேக்குறேன். இன்னொண்ணு, உன் தமிழ்ல பர்மிய வார்த்தை ரொம்பக் கலக்குது. விருந்தாளிங்க வரும்போது சுத்தமாப் பேசு. உன் சொந்த மொழியில நீ பேசினா அவங்களுக்குக் கண்ணு கலங்கணும். புரியணும்னு அவசியமில்ல.”

மொஹிங்கா நிலாரின் நாற்காலி முன் வைக்கப்பட்டு, பண்பாட்டு உண்மைத்தன்மைக்காக நல்ல மதிப்பெண் பெற்றது. இன்ஷாவுக்கு எச்சரிக்கை கிடைத்தது.

நிலார் அதன் பிறகு ஏறுமுகம்தான். வருகைப் பதிவில் அவள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. வகுப்பில் குறுக்கே பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மோதல் தீர்க்கும் பயிற்சியின்போது பெரும்பான்மைச் சமூகமும் சிறுபான்மைச் சமூகமும் சமாதானமாக வேண்டும் என்று வந்தபோது, இணையாக அமைந்தவர்கள் நிலாரும் இன்ஷாவும்.

“சார், நான் என்னோடயே எப்படி…”

“அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? உலகத்துல எந்தச் சமாதானப் பேச்சும் இவ்வளவு தோதா அமையாது. முதல்ல மனஸ்தாபம் வரட்டும். அவசரப்பட்டுச் சமாதானமாயிடாதே. மதிய உணவு வரைக்கும் நேரம் இருக்கு.”

எனவே இன்ஷா முதலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் குறைகளைச் சொன்னாள். பிறகு எழுந்து நிலாரின் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைக் கனிவுடன் கேட்டுக்கொண்டாள். நிலாருக்குப் பதில் எதுவும் தோன்றாததால் அவள் மௌனமாக இருந்தாள். அந்த மௌனம் முதிர்ச்சி என்று கருதப்பட்டது. இறுதியில் கூட்டறிக்கை வந்தது. இரு தரப்பும் நாற்காலிகளின் நிலவரத்தைத் தொடர்ந்து கவனிக்க ஒப்புக்கொண்டன. புகைப்படக்காரர் இன்ஷாவை இடப்பக்கம் நிறுத்தி ஒரு படமும், லொஞ்சி மாற்றி வலப்பக்கம் நிறுத்தி ஒரு படமும் எடுத்து, இரண்டையும் ஒட்டிக் கைகுலுக்க வைத்தார். அந்தப் படத்தைக் கடல் கடந்து அறக்கட்டளையின் முகப்பில் மாட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

நிலாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இன்ஷாவுக்கு ஒன்று தெரிந்தது. அந்த நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியே ஆறும், அக்கரை டாலாவுக்குப் போகும் படகும் தெரியும். தன் நாற்காலியிலிருந்து தூண்தான் தெரியும். ஜுல்ஃபிகர் இங்கே உட்கார்ந்தால் வகுப்பைக் கவனிக்கவே மாட்டான், படகில் ஏறுகிறவர்களைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பான். அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதயசூரியன் அதையும் குறித்துக்கொண்டார்: நிலார், உணர்ச்சியை அடக்கும் திறன், மிக நன்று.

வீட்டில் ஜுல்ஃபிகர் இப்போதும் நிலாரின் சோற்றைச் சாப்பிட்டான்.

“இன்னைக்கு நிலாரு கோழி அனுப்பிருக்கா. உன்னை விட அவளுக்கு என் மேல பாசம்,” என்பான். பிறகு, கையைக் கழுவும்போது, “கேட்டியா புள்ள?” என்பான்.

“சூழ்நிலை கனிஞ்சு வருது மச்சான்.”

“கனியட்டும்.”

இன்னொரு நாள்: “கேட்டியா?”

“ஆர்வம் தெரிவிச்சிருக்கேன்.”

அவன் துண்டால் கையைத் துடைத்தபடி அவளைப் பார்த்தான். “நீ பேசுறது வர வர வார்டு அலுவலகத்துல பேசுற மாதிரியே இருக்கு,” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உண்மையில் அவள் ஒருவரிடமும் எந்த ஆர்வமும் தெரிவித்திருக்கவில்லை. ஒரு நாள் உதயசூரியனின் கதவு வரை போனாள். அவர் தொலைபேசியில் இருந்தார். திரும்பிவிட்டாள். ஒரு நாள் லிஃப்டில் சயாவோடு தனியாக மாட்டிக்கொண்டாள். மூன்று மாடி அளவுக்கு நேரம் இருந்தது. “இன்று வெயில் அதிகம், சயா,” என்றாள். “கவனித்து வருகிறேன்,” என்றார் அவர்.

பர்மியர்களின் தீபத் திருவிழாவுக்கு முந்திய வாரம் குலுக்கலில் அஷ்ஃபாக்கின் பெயர் வந்தது. நாலாம் மாடிக்காரன். தெரு முனையில் தையல் மெஷின் போட்டிருந்தவன். ஜுல்ஃபிகரின் நிக்காஹ் சட்டையைத் தைத்தவன். அவனைக் கூட்டிக்கொண்டு போன மறுநாள், தேநீர்க் கடைக்காரர் பழக்கத்தில் அவன் வீட்டுக் கயிற்றில் தேநீர்ப் பையை மாட்டிவிட்டு ஆட்டினார். மணி அடித்தது. மேலே யாரும் இழுக்கவில்லை. அவன் மனைவி தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பை நாள் முழுக்கச் சுவரில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் இன்ஷா தன் கயிற்றை இழுத்தாள்.

அடுத்த குலுக்கல் அடுத்த மாதம் என்றார்கள்.

ஜுல்ஃபிகர் அதன் பிறகு வாளிகளுக்குப் பின்னாலும் உட்காரவில்லை. மாமா கடையைப் பார்த்துக்கொண்டார். அவன் மேலேயே இருந்தான். அறையைப் பெருக்கினான், துணி மடித்தான், அவள் காலையில் கட்டிக்கொண்டு போக லொஞ்சியை இஸ்திரி போட்டு வைத்தான். இரண்டு லொஞ்சி. “நிலாருக்கும் ஒண்ணு,” என்றான். ‘கேட்டியா’ என்று மட்டும் கேட்கவில்லை.

இன்ஷாவால் அதைத் தாங்க முடியவில்லை. “ஏன் மச்சான் இப்பல்லாம் கேக்க மாட்டேங்கறீங்க?”

“எதை?”

“அதைத்தான்.”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “விட்டுடு புள்ள. நான் கேக்கறதால உனக்கு ஏதாச்சும் கெடுதல் வந்துரப் போகுது. ஒருத்தராச்சும் உள்ள இருக்கோம்ல? அது போதும்.”

கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ‘ஒருத்தராச்சும்.’ உள்ளே இருந்ததோ இரண்டு பேர். அவள் மறுபக்கம் திரும்பி, மடித்திருந்த துணியையே மறுபடி மடித்தாள்.

முதல் பருவ நிறைவு விழாவுக்கு அறக்கட்டளையின் தலைவி திருமதி ஹெல்கா நேரில் வந்தார். உயரமானவர், கழுத்தில் பத்துச் சமூகங்களின் பாசிமணி. மேடையில் மல்லிகை, மெழுகுவர்த்தி, ஒரு மூங்கில் இசைக்கருவி, கொஞ்சம் மலைக்காக ஒரு பாறை. பன்னிரண்டு நாற்காலிகளும் முன்வரிசையில். விருந்தினர்கள் பின்னால். நிலாரின் நாற்காலியில் ஒரு சால்வை போடப்பட்டிருந்தது.

“நிலாரைப் பத்திக் கேட்டா, வெளியில ஒரு கலந்தாய்வுக்குப் போயிருக்கான்னு சொல்லு,” என்று உதயசூரியன் இன்ஷாவின் காதில் சொன்னார். “இன்னைக்கு அவளுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு.”

சயா எழுந்து, எதிர்ச் சுவரில் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பேசத் தொடங்கினார்.

“பருவத்தின் சிறந்த தூதர் விருதை அறிவிப்பதில் பெருமைப்படுகிறேன். இந்த ஆறு மாதத்தில் இவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. எந்தக் கருத்தையும் சொல்லி எவர் மனத்தையும் புண்படுத்தவில்லை. இவர் இருக்கும் அறையில் பதற்றம் இருந்ததே இல்லை. சில சமயம் இவர் இருக்கிறார் என்பதே தெரியாது. ஒரு தூதரைப் பற்றி இதைவிட உயர்வாக என்ன சொல்ல முடியும்? நான் பணியில் இருந்த காலம் முழுதும் இப்படி ஆக முயன்றேன். எனக்குக் கைகூடவில்லை. மா நிலார் வின்!”

கைதட்டல் எழுந்தது. நோ எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. சயா கேடயத்தை எடுத்துக்கொண்டு போய், நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு ஒரு கணம் நின்று, சால்வையின் மேல் பத்திரமாக வைத்தார். “அடக்கம்,” என்று விருந்தினர்களிடம் விளக்கினார். “தன் விருதுக்குக்கூட வரவில்லை.” கைதட்டல் இரண்டு மடங்கானது.

திருமதி ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் படத்தில் இவரோடு கைகுலுக்கியவர் நீங்கள்தானே?” என்று இன்ஷாவைக் கண்டுபிடித்துக் கேட்டார். “உங்கள் தோழியின் சார்பில் சில வார்த்தைகள் சொல்லுங்கள். உங்கள் சொந்த மொழியில். தயவுசெய்து உங்கள் சொந்த மொழியில்.”

ஒலிவாங்கி இன்ஷாவின் கைக்கு வந்தது. உதயசூரியன் மொழிபெயர்க்கப் பக்கத்தில் வந்து நின்று, சிரித்த முகத்தோடு, “சுத்தத் தமிழ்,” என்று முணுமுணுத்தார்.

அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்த தமிழ் வீட்டுத் தமிழ்தான்.  கேடயத்தைப் பார்த்தாள். அதன் பளபளப்பில் சால்வை தெரிந்தது. அந்த நாற்காலிக்கு ஆறு மாதமாகத் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள், சோறு போட்டார்கள், மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் ஒரு மனுஷன் வாளிக்குப் பின்னாலும் பிறகு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருந்தான். போனால் என் இடமும் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பயம் திரும்பி வந்தது. அது முழுதாக வந்து சேரும் முன் வாயைத் திறந்தாள்.

“நிலாருன்னு யாரும் இல்லீங்க. அதுவும் நான்தான். எங்க மச்சான் வீட்டுல பயந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்கதான் காத்திருக்கறவங்கள்ல முதல் ஆளு. இந்த எடத்தை அவங்களுக்குக் குடுங்க.”

கூடத்தில் தமிழ் தெரிந்தவர் அவளைத் தவிர ஒருவர்தான். உதயசூரியனின் சிரிப்பு அட்டையில் இருந்த சிரிப்பைப் போல அப்படியே நின்றது. ஒரு நொடி தொண்டையைச் செருமினார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“இன்ஷா தன் தோழியோடு தன்னை ஒன்றாகவே உணர்வதாகச் சொல்கிறார். தன் குடும்பத்தை அன்போடு நினைவுகூர்கிறார். நாற்காலிகளின் எதிர்காலத்தில் ஆழ்ந்த ஆர்வம் தெரிவிக்கிறார்.”

திருமதி ஹெல்கா எழுந்து நின்று கைதட்டினார். கூடம் முழுக்க எழுந்தது. மூங்கில் இசைக்கருவி ஒலிக்கத் தொடங்கியது. சயா தன் சுவரைப் பார்த்துத் தலையசைத்தார். உதயசூரியன் ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.  “போதும்மா,” என்றார் தமிழில். “நல்லா முடிஞ்சுது. இதோட விடு. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அப்படியே விட்டிருக்கலாம். எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டும் ஆயிற்று; வீட்டுக்குப் போய்க் கேட்டேன் மச்சான் என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. இன்ஷாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அவன் நம்புவான். நம்பிவிட்டு, பரவாயில்ல புள்ள என்பான். நாளைக்கும் இரண்டு லொஞ்சிக்கு இஸ்திரி போடுவான்.

அவள் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. முன்வரிசைக்கு இறங்கிப் போனாள். கேடயத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இசை தடுமாறி நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை கூடத்தில் பெரும்பாலோருக்குத் தெரிந்த பர்மிய மொழியில், சயாவின் முகத்துக்கு நேராக, அவர் சுவருக்குத் திரும்ப முடியாதபடி நின்று பேசினாள்.

“சயா, நான் ஆர்வம் தெரிவிக்கல. கவலையும் தெரிவிக்கல. கேக்குறேன். இந்த நாற்காலியில ஆறு மாசமா யாருமே இல்ல. இதை என் வீட்டுக்காரருக்குக் கொடுங்க.”